சாந்தகுமாரியின் மிச்ச பாட்டில்

சாந்தகுமாரி எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் எலிக்குஞ்சுகளின் மூளைச் செல்களைக் கண்ணாடித் தட்டில் வளர்த்தாள். இதைச் சொன்னால் பாதிப் பேர் சிரிப்பார்கள், மீதிப் பேர் முகத்தைச் சுளிப்பார்கள். நான் அதே நிலையத்தின் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவள். பெயர் லலிதா. திருநெல்வேலியில் பிறந்து, பாங்கில் வேலை பார்த்த கணவரோடு 1986இல் புனேவுக்கு வந்து, மறுவருஷமே அங்கே வேலைக்குச் சேர்ந்து, வாயை மூடத் தெரியாமல் இருபது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டியவள். அவள் கதையை வேறு யாராவது சொன்னால் தெய்வமாக்கி மாலை போட்டுவிடுவார்கள். அவள் தெய்வமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. நல்லவள்தான், ஆனால் வடிகட்டின கஞ்சம்.

புனேவை ஒட்டிய கட்கியில் பிறந்தவள். அப்பாவும் அவருக்கு முன்னால் தாத்தாவும் அங்கே வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர்கள். வேலூர்ப் பக்கத்திலிருந்து எந்தக் காலத்திலோ வந்து சேர்ந்த குடும்பம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, இந்தியில் திருப்பி, மராத்தியில் கொண்டுபோய் நிறுத்துவாள். விலங்கியலில் பட்டம். கணவர் சுந்தரமூர்த்தி தேஹு ரோடு ராணுவ டெப்போவில் குமாஸ்தா, சாது. இரண்டு பெண் குழந்தைகள்.

1992 டிசம்பரில் வேலைக்கு வந்தாள். அது என்ன வேலை என்கிறீர்கள்? எண்பத்தொன்பது நாள் வேலை! தொண்ணூறு நாள் தொடர்ந்து பார்த்தால் நிரந்தரம் கேட்டுவிடுவார்களோ என்று பயந்து எந்த மகராசனோ செய்துவைத்த ஏற்பாடு. எண்பத்தொன்பது நாள் வேலை, ஒரு நாள் இடைவெளி, மறுபடி எண்பத்தொன்பது நாள். ஒவ்வொரு தடவையும் புது ஆணை. அத்தனையையும் அடித்தது இந்தக் கைதான். முதலில் தட்டச்சு இயந்திரத்தில், பிறகு கம்ப்யூட்டரில். நடுவில் எத்தனை இயக்குநர்கள் வந்து போனார்கள்! அந்த ஆணையில் தேதியைத் தவிர ஓர் எழுத்தும் மாறவில்லை.

அந்தத் தொண்ணூறாவது நாள் அவள் நிலையத்து ஆள் இல்லை. உள்ளே வரக்கூடாது. ஆனால் தட்டில் இருக்கும் செல்லுக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியுமா? வேளைக்குச் சோறு போடாவிட்டால் செத்துப்போகும். அதனால் அன்றைக்கும் வருவாள். கேட்டில் காவலாளி தோண்டிபா பார்வையாளர் பதிவேட்டை நீட்டுவார். பெயர்: சாந்தகுமாரி. யாரைப் பார்க்க: செல்கள். காரணம்: சாப்பாடு. இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு உள்ளே போய், சம்பளமில்லாத ஒரு நாளில் முழு வேலையையும் பார்த்துவிட்டுப் போவாள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஏளா, ஒரு நாளு பட்டினி கெடந்தா செத்தா போவும் அந்தச் சவம்?" என்று கேட்டிருக்கிறேன்.

"செத்துப்போவுங்க்கா. ஏக்தம் செத்துப்போவும்" என்று சிரித்தபடி போவாள்.

அவள் வேலையை நான் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். நகத்தளவு கண்ணாடி வில்லைகளின்மேல் செல்களை இறக்குவாள். ரோஜா நிறத்தில் ஒரு சாறு ஊற்றுவாள். அதுதான் சாப்பாடு. மூன்று நாளைக்கு ஒருமுறை பாதியை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பாதி ஊற்றுவாள். முழுசாக மாற்றினால் செல்லுக்கு ஆகாதாம். தயிருக்கு உறைமோர் எடுத்துவைப்பது மாதிரி பழையது கொஞ்சம் இருக்க வேண்டுமாம். சாறு இரண்டு வகை. சிவப்பு மூடி போட்ட பாட்டில், செல்லைத் தட்டில் இறக்கிய முதல் நாலு நாளைக்கு. நீல மூடி போட்டது, வளர்ந்த செல்களுக்கு. இரண்டும் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். ஆர்டர் போட்டு, மும்பை சுங்கத்தில் தவம் கிடந்து, வந்துசேர மூன்று மாதம் ஆகும். அந்தச் சாறில் ஒரு சொட்டுத் தரையில் சிந்தினாலும் சாந்தகுமாரி 'ஐயோ' என்று நெஞ்சில் கைவைப்பாள்.

அவள் வேலை பார்த்தது பேராசிரியர் விஸ்வேஸ்வரனின் ஆய்வுக்கூடத்தில். கும்பகோணத்துக்காரர், கோபம் வராத மனிதர். அவரிடம் ஹர்ஷா என்று ஓர் ஆராய்ச்சி மாணவன். இருபத்தாறு வயது. அப்பா அம்மா தமிழர்கள்தான், ஆனால் பையன் பேசும் தமிழ் கல்லில் உருளும் சைக்கிள்போல இருக்கும். அவர்கள் என்னதான் ஆராய்கிறார்கள் என்று ஒருநாள் கேன்டீனில் அவனிடம் கேட்டேன். 'சினாப்டிக் ரிசெப்டர்' என்று ஆரம்பித்தான். வடாபாவ் ஆறிப்போனதுதான் மிச்சம். பக்கத்தில் இருந்த சாந்தகுமாரிதான் எனக்குப் புரியவைத்தாள்.

"ஒரு நரம்பு செல்லு இன்னொண்ணுகிட்ட பேசும்க்கா. வாயாலயா பேசும்? குளூட்டமேட்னு ஒண்ணை லேசா துப்பும். எதிர்ல இருக்கற செல்லு காதை நீட்டிக்கினு நிக்கும். அந்தக் காதுதான் ஏற்பி. ரெண்டு செல்லும் பேசிக்கிற சந்துதான் சினாப்ஸ்."

"சரி."

"இப்ப அந்தப் பக்கத்து செல்லு ஓயாம கத்துதுன்னு வையி. இது இன்னா பண்ணும்? கொஞ்சம் காதை உள்ள இழுத்துக்கும். இழுத்ததுல சிலதுமேல ஒரு சீட்டு ஒட்டும். யூபிக்விட்டின்னு பேரு. சீட்டு வாங்கினது நேரா அரைக்கிற எடத்துக்குப் போயி தூள் தூளாயிடும். சீட்டு இல்லாதது கொஞ்ச நேரம் உள்ள குந்திட்டு மறுபடி மேல வரும்."

"ரொம்ப நாளு யாருமே பேசலைன்னா?"

"புதுசா காது செஞ்சு மேல அனுப்பும். எங்க எவ்ளோ காது வேணும்னு அது பாத்துக்கினே இருக்கும்க்கா. நாம ஒண்ணு கத்துக்கறது, மறக்கறது எல்லாம் இந்தக் கணக்குலதான் ஓடுது."

"எங்க வீட்டுக்காரரும் அப்படித்தான் போலிருக்கு. நான் பேச ஆரம்பிச்சா ரெண்டு காதையும் உள்ள இழுத்துக்கிடுதாரு."

ஹர்ஷாவுக்குப் புரையேறிவிட்டது. சாந்தகுமாரி இன்னொன்றும் சொன்னாள். உடைத்த தூளைச் செல் வீணாக்குவதில்லையாம். அதே துண்டுகளை எடுத்து வேறு எதையாவது செய்துகொள்ளுமாம். "அப்போ ஒன்ன மாதிரி கஞ்சம்னு சொல்லு" என்றேன். அவளுக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

2003இல் ஹர்ஷாவுக்கு ஒரு கண்டுபிடிப்பு கிடைத்தது. செல்லின் மேற்பரப்பில் இருக்கும் ஏற்பிகளுக்கு அவர்கள் ஒரு சாயம் ஏற்றுவார்கள். நுண்ணோக்கியில் பச்சைப் புள்ளிகளாக மின்னும். புள்ளி நிறைய என்றால் காது நிறைய. செல்லைத் தூண்டிவிட்டால் புள்ளி குறையும், அது எல்லாருக்கும் தெரிந்தது. ஆனால் எதுவும் செய்யாமல் சும்மா விட்டுவைத்த செல்களிலும் புள்ளி இருக்க வேண்டியதில் பாதிதான் இருந்தது. அரைக்கும் இடத்தை அடைக்கும் மருந்தைப் போட்டால் புள்ளிகள் ஏறின. அப்படியென்றால் என்ன அர்த்தம்? யாரும் கத்தாமலே, தன்பாட்டுக்கு, செல் தன் காதுகளை உடைத்துக்கொண்டே இருக்கிறது! இதுவரை யாரும் சொல்லாத சங்கதி. பையனுக்குக் கால் தரையில் பாவவில்லை. விஸ்வேஸ்வரன் மூன்று தடவை திரும்பச் செய்யச் சொன்னார். மூன்று தடவையும் அதேதான் வந்தது. 2004 ஏப்ரல் கடைசியில் கட்டுரையை அனுப்புவது என்று முடிவானது. அதை வைத்துத்தான் ஹர்ஷா வெளிநாட்டில் மேல் ஆராய்ச்சி வேலைக்கு எழுதிப் போட்டிருந்தான்.

அதே சமயத்தில் இன்னொரு நல்ல காரியமும் நடந்தது. நிலையத்தில் ஒரு நிரந்தர இடம் காலியாகி, நேர்முகம் மே முதல் வாரத்தில் என்று அறிவிப்பு வந்தது. வயது வரம்பு நாற்பது. சாந்தகுமாரிக்கு ஆகஸ்டில் நாற்பது முடிகிறது. அடுத்த காலியிடம் எப்போது வருமோ, வரும்போது அவளை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்த வண்டியை விட்டால் வேறு வண்டி கிடையாது. எண்பத்தொன்பது நாளாகவே ஆயுசு கழியும், அதுவும் விஸ்வேஸ்வரன் ஓய்வு பெறும்வரைதான்.

விஸ்வேஸ்வரன் அவளுக்காக ஒரு பரிந்துரைக் கடிதம் சொன்னார், நான் அடித்தேன். நல்ல பாண்டு தாளில் அச்செடுத்தேன். கடைசி வரி இது: 'பதினோரு ஆண்டுகளில் இவர் ஒரு தவறும் செய்ததில்லை.' அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அதைக் கோப்பில் வைக்கும்போது என் கூடப்பிறந்தவளுக்கே வேலை கிடைத்த மாதிரி இருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் கேம்ப் கடைத்தெருவில் இறங்கி அரைக் கிலோ இனிப்பு வாங்கி, வேலை கிடைக்குமுன்பே நாங்கள் இரண்டு பேரும் தின்று தீர்த்தோம்.

ஏப்ரல் இரண்டாவது வாரம் ஹர்ஷா அவளிடம் மூன்று தாள்களோடு வந்தான். நானும் அப்போது அங்கே ஏதோ கையெழுத்துக்காகப் போயிருந்தேன்.

"ஆன்ட்டி, மார்ச்ல மூணு வீக் மட்டும் ரிசல்ட் வரலை. சும்மா இருக்கற செல்லுல புள்ளி ஃபுல்லா இருக்கு. அந்த பேட்ச் கராப் ஆயிருக்கு, இல்லே? நீங்க செக் பண்ணி சொல்லுங்க, நான் அந்த டேட்டா நிகால் தேங்கே." கெட்டுப்போன அந்த மூன்று வாரக் கணக்கை எடுத்துவிடலாம் என்கிறான்.

சாந்தகுமாரி தன் நோட்டை எடுத்தாள். நீளமான நோட்டு. எந்தத் தட்டுக்கு எந்த நாளில் எந்த பாட்டிலிலிருந்து ஊற்றினாள் என்று தமிழில் எழுதிவைத்திருப்பாள். மார்ச் பக்கங்களைப் புரட்டினாள். பிப்ரவரிக்குப் போனாள். மறுபடி மார்ச்சுக்கு வந்தாள். அவள் முகம் விழுந்துவிட்டது.

"பாத்துச் சொல்றேன்" என்றாள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாரம் அவள் கேன்டீனுக்கே வரவில்லை. கூப்பிட்டுப் பார்த்தேன், பசியில்லை என்றாள். எனக்கு நேர்முகப் பயம் என்று தோன்றியது. போய்த் தொலைகிறது, தானே தெளியட்டும் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு வாரம் அவள் என்ன செய்தாள் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

மார்ச்சில்தான் சுங்கத்திலிருந்து புதுப் பெட்டி வந்திருந்தது. பாட்டில்கள் ஏராளம். அந்த மூன்று வாரமும் புது நீல மூடி பாட்டிலைத் திறந்து அப்படியே ஊற்றியிருக்கிறாள். மற்ற வாரங்களில், அதாவது பஞ்ச காலத்தில், சிவப்பு மூடி பாட்டிலின் அடியில் மிஞ்சியதைக் கொட்ட மனசு வராமல் ஒரு தனி பாட்டிலில் சேர்த்துவைத்து, நீல மூடிச் சாறோடு கலந்து ஊற்றியிருக்கிறாள். நேற்றைய சாம்பாரில் இன்றைய பருப்பைக் கலப்பதுபோல. அந்த பாட்டிலுக்கு 'மிச்சம்' என்று பெயர்கூட எழுதி ஒட்டியிருந்தாள். சாறு இல்லாமல் வேலை நின்ற நாளெல்லாம் மற்றக் கூடங்களில் உண்டு. எங்கள் கூடத்தில் மட்டும் கிடையாது. அந்தப் பெருமை அவளுக்கு.

சிவப்பு மூடிச் சாறில் கொஞ்சம் குளூட்டமேட் உண்டு. பிறந்த குஞ்சுச் செல்லுக்கு இன்னும் காது முளைத்திருக்காது. அதனால் அதற்கு ஒன்றும் ஆகாது, வளரத்தான் உதவும். வளர்ந்த செல்லுக்கோ அது காதுக்குள் ஓயாத கூச்சல். 'சும்மா இருக்கும் செல்' என்று ஹர்ஷா நினைத்த செல் சும்மாவே இல்லை. சாந்தகுமாரி அதன் சோற்றிலேயே சத்தத்தைக் கலந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். பாவம், அது இரைச்சல் பொறுக்காமல் காதுகளை உள்ளே இழுத்து, சீட்டு ஒட்டி, உடைத்துப் போட்டிருக்கிறது.

நோட்டைப் பார்த்த அன்றே அவளுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு பையனின் வாழ்க்கையைக் குலைக்க முடியுமா? ஆறு தட்டு எடுத்தாள். மூன்றுக்குப் புதுச் சாறு, மூன்றுக்கு மிச்சம் கலந்த சாறு. தட்டுகளில் வெறும் எழுத்தை மட்டும் எழுதி, எது எது என்று சொல்லாமல், எண்ணித் தா என்று ஹர்ஷாவிடமே கொடுத்தாள். அவன் எண்ணிவிட்டு ஓடிவந்தான். "ஆன்ட்டி! இந்த மூணுல நம்ம ரிசல்ட் வந்திருக்கு! பாதிதான் புள்ளி!" அவன் காட்டிய மூன்றும் மிச்சம் கலந்தவை. "சந்தோசம்ப்பா" என்று சொல்லிவிட்டு இவள் குளியலறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டாளாம்.

திங்கட்கிழமை கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து பேசுவார்கள். கட்டுரையின் கடைசிப் பிரதியை எடுத்துக்கொண்டு நானும் போயிருந்தேன். விஸ்வேஸ்வரன், "அப்போ புதன்கிழமை அனுப்பிடலாமோன்னோ?" என்றார். பின்வரிசையில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த சாந்தகுமாரி கையைத் தூக்கினாள். எதற்கோ கேள்வி கேட்கப்போகிறாள் என்று நினைத்தோம். ஆனால் கை மட்டும் நேராக மேலே நின்றது.

அது கட்கிப் பழக்கம். அவள் அப்பா வேலை பார்த்த வெடிமருந்துக் கொட்டகையில், யார் கையிலிருந்தாவது ஏதாவது தவறி விழுந்தால் அந்த ஆள் உடனே கையைத் தூக்க வேண்டும். தூக்கினால் மொத்தக் கொட்டகையும் அப்படியே நின்றுவிடும். யாரும் திட்டமாட்டார்கள். மறைத்தால் பக்கத்தில் நிற்பவனும் சேர்ந்து போவான். அந்த வீட்டில் பால் பொங்கி வழிந்தால்கூடப் பிள்ளைகள் கையைத் தூக்கிக்கொண்டுதான் வருமாம்.

"சொல்லுங்கோ சாந்தா" என்றார் விஸ்வேஸ்வரன்.

"சார், சும்மா இருக்கற செல்லு சும்மா இல்ல. நான்தான் சிவப்பு மூடி மிச்சத்தைக் கலந்தேன். ஆறு தட்டு வச்சுப் பாத்துட்டேன். தப்பு என்னுது."

அந்த 'மிச்சம்' பாட்டிலைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தாள். நோட்டையும் வைத்தாள். ஹர்ஷா பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டான். விஸ்வேஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, அனுப்ப வேண்டாம்" என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் நான் அவளைப் பிடித்துக்கொண்டேன். "ஒனக்குக் கோட்டி பிடிச்சிருக்கா? நேர்முகம் முடியட்டும்னு ரெண்டு வாரம் வாய மூடிக்கிட்டு இருக்கக்கூடாதா? அவன் கட்டுரைய அனுப்பியிருப்பான், ஒனக்கு வேலை வந்துருக்கும், பொறவு மெதுவாச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா?"

"அப்புறம் வேற ஊர்ல வேற ஆளு செஞ்சுபாத்து, இது பொய்யின்னு எழுதுவான்க்கா. அப்ப ஹர்ஷா மூஞ்சிய எங்க வச்சுப்பான்?"

ஹர்ஷா மூன்று நாள் அவளோடு பேசவில்லை. நாலாம் நாள் வந்து, தட்டுகளில் மிச்சத்தை அளந்து அளந்து, கால் பங்கு, அரைக்கால் பங்கு என்று ஊற்றித் தரச் சொன்னானாம். எவ்வளவு சின்னச் சத்தத்துக்குச் செல் காதை உடைக்கத் தொடங்குகிறது, சத்தத்தை நிறுத்தினால் காது திரும்ப வர எத்தனை நாளாகிறது என்று பார்க்கப்போகிறானாம். அதில் ஒரு கட்டுரை தேறும்போலிருந்தது. எப்போது தேறும்? அது அவன் கவலை. எனக்கு இவள் கவலை.

இவளோ அதற்குள் என் மேஜைக்கு வந்து நின்றாள். "லலிதாக்கா, அந்த லெட்டர்ல ஒரு வரி பொய்யாயிடுச்சு. மாத்தி அடிச்சுக் குடு."

"முடியாது போ."

அவள் நேரே விஸ்வேஸ்வரனிடம் போனாள். அவர் என்னைக் கூப்பிட்டு, கடைசி வரியை மாற்றிச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தேன், அச்செடுத்தேன், அவர் கையெழுத்துப் போட்டார். பழைய கடிதத்தைக் கிழித்துப் போடச் சொன்னார். நான் கிழிக்கவில்லை. பாண்டு தாள், அழகான கையெழுத்து, அருமையான ஒரு வரி. அதைக் கிழிக்க யாருக்கு மனசு வரும்? மேஜை இழுப்பறையில் வைத்தேன். நேர்முகத்துக்குக் கோப்பைக் கட்டும் நாள் வந்தபோது, புதிய கடிதத்தை இழுப்பறையில் போட்டுவிட்டுப் பழையதைக் கோப்பில் செருகினேன். என் கைதானே கோப்பைக் கட்டுகிறது, எந்தப் பயலுக்குத் தெரியப்போகிறது?

நேர்முகத்தில் மூன்று பேர். இயக்குநர், நிர்வாக அதிகாரி, பெங்களூரிலிருந்து வந்த சந்திரிகா என்ற விஞ்ஞானி. கோப்புகளை எடுத்துக் கொடுக்க நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். பேச்செல்லாம் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

சந்திரிகா கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையை நிமிர்த்தினார். "பதினோரு வருஷத்தில் ஒரு தவறும் இல்லையா! செல் வளர்ப்பில் எனக்கே மாசத்துக்கு ஒன்று நடக்கும். எப்படி அம்மா?"

சாந்தகுமாரி திகைத்துப்போனாள். "இல்லை மேடம். ஒன்று செய்தேன். பெரிய தவறு. அந்தக் கடிதம் பழையது. சார் மாற்றிக் கொடுத்துவிட்டார்."

மூன்று பேரும் கடிதத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். நிர்வாக அதிகாரியின் புருவம் ஏறியது. பேராசிரியர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கடிதம் கோப்பில் இருக்கிறது, இந்தப் பெண் அது பொய் என்கிறாள். மாற்றியது யார்? இவளா, இவளுக்காக வேறு யாராவதா? அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாதென்று சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள், பாவி மகள். இன்னும் ஒரு நிமிஷம் போனால் சந்தேகம் அவள் தலையில் விழுந்து எல்லாம் முடிந்துவிடும்.

நான் கையைத் தூக்கினேன்.

என் ஆயுசில் அதுதான் முதல் தடவை. "சார், கடிதத்தை மாற்றி வைத்தது நான். அவளுக்குத் தெரியாது. சரியான கடிதம் என் இழுப்பறையில் இருக்கிறது" என்றேன். இயக்குநர் வாயைத் திறக்குமுன் ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்தேன். சந்திரிகா அதை வாங்கி, கடைசி வரிகளைச் சத்தமாகப் படித்தார்.

'பதினோரு ஆண்டுகளில் இவர் ஒரு தவறு செய்தார். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் இவரே சொன்னார். என்னிடம் வேலை பார்த்த மற்றவர்கள் எத்தனை தவறு செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது.'

சந்திரிகா கடிதத்தை மேஜையில் வைத்துவிட்டு, "என்ன தவறு, முதலிலிருந்து சொல்லுங்கள்" என்றார். சாந்தகுமாரி சொன்னாள். சிவப்பு மூடி, நீல மூடி, மிச்சம் பாட்டில், ஆறு தட்டு எல்லாவற்றையும் சொன்னாள். இருபது நிமிஷம் பேசியிருப்பாள். கடைசியில், "எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதை உடைத்துப் போட வேண்டும் என்று அந்தச் செல்லுக்குத் தெரிகிறது மேடம். எனக்குத்தான் கொட்ட மனசு வரவில்லை" என்றாள். நான் மூலையில் தலையைக் குனிந்துகொண்டேன்.

ஜூனில் நிரந்தர ஆணை வந்தது. அதை அடிக்கும்போது தேதிக்குப் பக்கத்தில் 'முடிவுத் தேதி' என்ற இடத்தை என்ன செய்வதென்று விளங்காமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதே வாரம் எனக்கு ஒரு மெமோவும் வந்தது, பதினேழு வருஷத்தில் முதல் மெமோ. அதையும் நானேதான் அடித்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை.

அதற்குப் பிறகு சாந்தகுமாரி மிச்சத்தைக் கொட்டிவிடுவாள். கொட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஹர்ஷாவின் கட்டுரை இரண்டு வருஷம் கழித்து வந்தது. சின்னக் கட்டுரைதான், சின்னச் சத்தத்தைப் பற்றியது. ஆனால் அது எந்த ஊரில் யார் செய்துபார்த்தாலும் நிற்கும்.

நான் சொல்ல நினைத்தது இதுவல்ல. அவள் நிரந்தரமான அந்த வருஷமே, செப்டம்பரில் ஒரு காலை. கணபதிப் பந்தல்களுக்கு மூங்கில் நட்டுக்கொண்டிருந்தார்கள், சாலையெல்லாம் குழி. நானும் அவளும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். அவள் ஏதோ பேசிக்கொண்டே கேட்டில் நின்று, பார்வையாளர் பதிவேட்டைத் திறந்து, பேனாவை எடுத்துப் பெயரை எழுதிவிட்டாள். நிரந்தர ஆணை வந்து அன்றைக்குத் தொண்ணூறாவது நாள். பதினோரு வருஷமாக எண்ணிப் பழகிய உடம்பு, அவளைக் கேட்காமல் எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறது.

தோண்டிபா எழுந்து வந்து புத்தகத்தை மெல்ல இழுத்துக்கொண்டார். "தாயீ, ஆதா தும்ஹி பாஹுணே நாஹி" என்றார். இனி நீங்கள் விருந்தாளி இல்லை அம்மா என்று அர்த்தம்.

கையில் பேனாவோடு அப்படியே நின்றவள், கேட்டில் நின்றபடி ஓவென்று அழுதாள். கட்டுரை நின்றபோது அழாதவள், நேர்முகத்தில் அழாதவள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. "ஏளா, போதும், ஊரே பாக்குது" என்று அதட்டினேன். "டைம் ஆச்சுக்கா, செல்லுக்கு சாப்பாடு" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

அந்தப் பதிவேடு இன்னும் அலுவலகத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் சாந்தகுமாரி என்று பெயர் மட்டும் இருக்கும். யாரைப் பார்க்க என்ற இடம் காலி.